காருக்கு நாலாயிரம் பொட்டு!

பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி, கேசரி எல்லாம் முடிந்த பிறகு, வருங்கால மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி விசாரணையை ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

அப்பா முந்திக்கொண்டார். "கார் கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் பண்ற ஃபேக்டரி. அதுல இன்ஜினீயர்."

"அதுல இவர் என்ன பண்றார்?"

நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "ஸ்பாட் வெல்டிங் சார். ரெண்டு தகட்டைச் சேர்த்து வெச்சு, நடுவுல பொட்டு வைக்கிறது."

உள்ளே சமையலறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரிதான் இப்போது என் மனைவி. "நாள் பூரா பொட்டு வெச்சுட்டு வர்றீங்க. எனக்கு ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கிட்டு வரத் தோணுதா?" என்று மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுகிறாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் ஆபீஸுக்குப் போகிற காரோ கால் டாக்ஸியோ, அதன் உடம்பைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பொட்டுதான். ஒரு காரின் கூட்டில் சுமார் நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் பொட்டுகள் இருக்கும். பெயின்ட்டுக்கும் ரப்பர் பீடிங்குக்கும் அடியில் ஒளிந்திருப்பதால் உங்களுக்குத் தெரியாது. அடுத்த தடவை கார்க் கதவைத் திறக்கும்போது, வாசல் விளிம்பில் அந்த ரப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். வரிசையாக சின்னச் சின்ன வட்டக் குழிகள் தெரியும். அதுதான் நம் சரக்கு. (பார்த்துவிட்டு ரப்பரைத் திரும்ப மாட்டிவிடுங்கள். டிரைவர் என்னைத் திட்டுவார்.)

பொட்டு எப்படி வைக்கிறார்கள்? இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் இரண்டு செப்புக் குச்சிகளால் அழுத்துவார்கள். குச்சியின் முனை கிட்டத்தட்ட சட்டைப் பட்டனைவிடச் சின்னது, ஆறு மில்லிமீட்டர். அழுத்தமோ முந்நூறு, நானூறு கிலோ. அதாவது இரண்டு புல்லட் மோட்டார் சைக்கிள்களை ஒரு பட்டன் மேல் நிறுத்தினால் எப்படியோ, அப்படி. உடனே கரண்ட். உங்கள் வீட்டு ஹீட்டர் ப்ளக் 15 ஆம்பியர் தாங்கும். இங்கே எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆம்பியர்! வோல்டேஜ் சில வோல்ட்தான்.

அவ்வளவு கரண்ட்டும் பாய்வது கால் செகண்ட், மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு செகண்ட். கண் சிமிட்டுவதற்குள் இரண்டு தகடுகளும் சேருகிற இடத்தில் ஸ்டீல் 1500 டிகிரிக்கு உருகி, ஒரு சுண்டல் கடலை அளவுக்குக் குழம்பாகி, அதே வேகத்தில் இறுகிவிடும். செம்புக் குச்சிகளுக்குள் ஜில்லென்று தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் குச்சி உருகாது. இந்த உருகி இறுகிய கடலைக்குப் பெயர் நக்கெட். மின்சாரத்தால் இப்படி உலோகத்தை ஒட்டலாம் என்று அமெரிக்காவில் எலிஹு தாம்ஸன் 1886-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். நூற்றி நாற்பது வருஷப் பழைய வித்தை. இதில் ஆராய்ச்சி பண்ண இன்னும் என்ன இருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன்.

கல்யாணமாகி ஒரு வருஷத்தில் மாமனார் புதுக் கார் வாங்கினார். டெலிவரி எடுத்த அன்றைக்கு பானெட்டை விரலால் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன மாப்ளே, தகர டப்பா மாதிரி சத்தம் வருது? எங்க ஆபீஸ் அம்பாசிடரைத் தட்டினா கோயில் மணி மாதிரி 'ணங்'குனு கேக்கும்."

அம்பாசிடர் அபிமானிகளோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது. (அந்த வண்டியின் உற்பத்தியே 2014-ல் நின்றுபோய்விட்டது. அபிமானம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.) ஆனாலும் மாப்பிள்ளை முறுக்கில் ஒரு லெக்சர் கொடுத்தேன்.

"மாமா, நீங்க தட்டினது வெளித் தோல். இடிச்சா அது நசுங்கத்தான் போட்டிருக்கு. எலும்பு உள்ளே இருக்கு. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல ஒரு தூண் நிக்குது பாருங்க, உங்க சீட் பெல்ட் தொங்குதே அதுதான். அதை பி-பில்லர்னு சொல்லுவோம். பக்கவாட்டுல லாரி வந்து மோதினா உங்களுக்கும் லாரிக்கும் நடுவுல அதுவும் ஒரு கதவும்தான். அதுக்குள்ள இருக்கற ஸ்டீல் அம்பாசிடர் காலத்து ஸ்டீல் இல்லை."

இது நான் விட்ட கதை இல்லை. பழைய சாதா ஸ்டீலில் ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் சுமார் முப்பது கிலோ கட்டித் தொங்கவிடலாம். அதற்கு மேல் போனால் அறுந்துவிடும். இப்போது பில்லருக்குள் போடுகிற 980 என்ற ரகத்தில் அதே கம்பி நூறு கிலோ தாங்கும். இன்னொரு ரகத்தைத் தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, குளிர்ந்த அச்சுக்குள் வைத்தே அமுக்கி இறுக வைக்கிறார்கள். அது நூற்றைம்பது. பலம் கூடினால் தகட்டின் தடிமனைக் குறைக்கலாம், எடை குறையும், மைலேஜ் கூடும். ஆளும் பிழைப்பான். 2014 ஜனவரியில் க்ளோபல் என்கேப் என்ற அமைப்பு நம் நாட்டில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதவிட்டு, ஐந்துக்கும் முட்டை மார்க் போட்டது நினைவிருக்கலாம். 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது. 2023 அக்டோபரில் நம் அரசாங்கமே பாரத் என்கேப் என்று ஸ்டார் கொடுக்கும் திட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. கார் கம்பெனிகள் எல்லாம் பலமான ஸ்டீலைத் தேடி ஓடியதில் இதற்கும் பங்கு உண்டு.

மாமனார் லெக்சரைப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"தகடு நூறு கிலோ தாங்கும் சரி. அதை ஒட்டின பொட்டு எவ்வளவு தாங்கும்?"

"அதுவும் அதே மாதிரிதான் மாமா" என்றேன்.

தப்பு. எவ்வளவு பெரிய தப்பு என்று 2018 ஆடி மாசத்து ராத்திரி ஒன்றில் தெரிந்தது.

அப்போது எங்களுக்கு ஒரு புது பார்ட் வந்திருந்தது. பி-பில்லருக்கு உள்ளே வைக்கிற பலப்படுத்தும் தகடு. அதுவரை 590 ரகத்தில் அடித்துக்கொண்டிருந்ததை 980-க்கு மாற்றச் சொல்லி கார் கம்பெனியிலிருந்து டிராயிங் வந்தது. ஒரு பீஸுக்கு பதினான்கு பொட்டு. நான் அப்போது குவாலிட்டி இன்ஜினீயர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் வெர்னியர், மனசுக்குள் ஏகப்பட்ட கெத்து.

முதல் லாட் அறுநூறு பீஸ். சாம்பிள் பட்டைகள் இரண்டை நுனியில் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒரு பொட்டு அடித்து, இழுக்கும் மிஷினில் மாட்டி நீளவாக்கில் இழுத்தேன். பழைய 590-ஐவிட அதிக எடை தாங்கியது! லிமிட்டுக்கு எவ்வளவோ மேலே. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். சாயந்திரம் ஏழு மணிக்கு லாரி கிளம்பியது.

எட்டரை மணிக்கு ஃபோர்மேன் அண்ணன் வந்தார். அவர் ஊர் திருப்பாச்சேத்தி. ஆமாம், அரிவாளுக்குப் பேர் போன அதே திருப்பாச்சேத்திதான். படிப்பு ஐடிஐ. பொட்டுச் சத்தத்தை வைத்தே "மூணாவது கன்ல டிப் மழுங்கிருச்சு" என்று சொல்லிவிடுகிற ஆசாமி. கையில் ஒரு பீஸ். உளியை நடுவில் விட்டுச் சுத்தியால் தட்டிப் பிளந்திருந்தார்.

"தம்பி, பட்டன் வரலை."

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். உங்கள் சட்டைப் பட்டனைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். (இழுத்ததாக நினைத்துக்கொண்டால் போதும்.) இரண்டு விதமாக வரலாம். நூல் அறுந்து பட்டன் மட்டும் தனியே வரும். அல்லது நூல் அவ்வளவு கெட்டியாக இருந்தால், பட்டனோடு சேர்ந்து துணி வட்டமாகக் கிழிந்துகொண்டு வரும். சட்டைக்கு முதல் வகை தேவலை. வெல்டிங்குக்கு இரண்டாவதுதான் வேண்டும். பொட்டு, ஒரு தகட்டை ஓட்டை போட்டுப் பிய்த்துக்கொண்டு இன்னொரு தகட்டில் பட்டன் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படிக் கிழியும்போதுதான் தகடு வளைந்து நெளிந்து, மோதலின் வேகத்தைத் தின்னும்.

அண்ணன் கொண்டுவந்த பீஸில் பட்டனே இல்லை. இரண்டு தகடும் சுத்தமாகப் பிரிந்து, பொட்டு இருந்த இடத்தில் மினுமினுவென்று தட்டையான வட்டம். நடுவே வெட்டிய மாதிரி. கடலை மிட்டாயை உடைத்தால் இப்படித்தான் உடையும்.

"லோடு லிமிட்டுக்கு மேல இருக்கேண்ணே" என்றேன்.

"நீங்க நீளவாக்குல இழுத்தீக. லாரி வந்து மோதுறப்ப, இவரு நீளவாக்குலதான் இழுப்பாருன்னு சொல்லி அனுப்பிச்சிருக்காகளா?"

பதில் இல்லை. இரண்டு பட்டைகளைக் கூட்டல் குறி போலக் குறுக்காக வைத்து, நடுவில் ஒரு பொட்டு அடித்து, மேல் பட்டையை மேலேயும் கீழ்ப் பட்டையைக் கீழேயும் இழுக்கும் சோதனை ஒன்று உண்டு. தகட்டைப் பிரிப்பது போல. வாடிக்கையாளர் அதைக் கேட்கவில்லை, நானும் செய்யவில்லை. அன்று ராத்திரி பத்து மணிக்குச் செய்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பழைய 590 தகட்டின் பொட்டு தாங்கிய அளவைக்கூடத் தொடவில்லை. இன்னொன்று அடித்தேன். டிக். மூன்றாவது. டிக்.

ஸ்டீலின் பலம் கூடியிருக்கிறது, பிரித்து இழுத்தால் பொட்டின் பலம் குறைந்திருக்கிறது! பின்னால் படித்துப் பார்த்தபோது, இது உலகமெங்கும் தெரிந்த சமாசாரம்தான் என்று தெரிந்தது. நீளவாக்கு பலம் ஸ்டீலோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். குறுக்குப் பலம் 780 ரகத்தை ஒட்டி ஏறுவதை நிறுத்தி, அப்புறம் இறங்க ஆரம்பித்துவிடும். தெரியாதது எனக்கு மட்டும்தான்.

அறுநூறு பீஸ் லாரியில் போய்க்கொண்டிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. அப்போது நான் ப்ரொபேஷன் முடிந்து கன்ஃபர்ம் ஆகி நாலு மாசம். மனைவி முழுகாமல் இருந்தாள். 'லிமிட் பாஸ் ஆகியிருக்கு, எவனும் கேட்கப் போறதில்லை' என்று ஒரு குரல் காதுக்குள் சொன்னது. பொய் சொல்லப் போவதில்லை, இரண்டு நிமிஷம் போல அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பிளந்த பீஸை என் மேஜைமேல் வைத்துவிட்டு பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார்.

லாரி டிரைவருக்கு போன் அடித்தேன். நல்லவேளை, மனுஷர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சால்னா இப்பத்தான் ஊத்தினாங்க சார்" என்று ஆட்சேபித்தார். திரும்பி வந்தார்.

மறுநாள் மானேஜர் அறையில் எனக்கு நடந்ததை விவரமாக எழுத ஆசிரியர் இடம் கொடுக்கமாட்டார். சுருக்கம் இதுதான்: "நேத்து நீயே பாஸுன்னு கையெழுத்துப் போடறே. இன்னிக்கு நீயே ஃபெயில்ங்கறே. உனக்கு சம்பளம் எந்தக் கையெழுத்துக்குக் குடுக்கிறது?" அங்கே லைன் நின்றால் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று எங்கள் பில்லில் பிடித்துக்கொள்வார்கள். பிடித்தார்கள். அறுநூறு பீஸும் காயலான் கடைக்குப் போயிற்று. அந்த வருஷம் எனக்கு இன்க்ரிமென்ட் இல்லை. ஆனால் மானேஜர், கத்தி முடித்தபிறகு, மூன்று வாரம் டைம் கொடுத்தார். அதுவரை பழைய 590-லேயே சப்ளை பண்ண வாடிக்கையாளரிடம் கெஞ்சி அனுமதியும் வாங்கிக்கொடுத்தார். அதையும் சொல்ல வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது?

980 ஸ்டீலைத் தயிர்சாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதுளை முத்து போட்ட தயிர்சாதம். சாதம் மிருதுவான இரும்பு, முத்துகள் மார்ட்டென்ஸைட் என்ற கடினமான இரும்பு (அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மன்காரர் பெயர்). மிருதுவும் கடினமும் கலந்திருப்பதால்தான் அந்தத் தகட்டை வளைக்கவும் முடிகிறது, பலமாகவும் இருக்கிறது. ஸ்டீல் ஆலையில் பார்த்துப் பார்த்துச் சமைத்த பதம். நாம் என்ன செய்கிறோம்? பொட்டு வைக்கிற பெயரில் அந்த இடத்தை உருக்கிக் குழம்பாக்கி, தண்ணீர் ஓடும் செம்புக் குச்சிகளுக்கு நடுவே வைத்து செகண்டுக்கு ஆயிரம் டிகிரிக்கும் மேலான வேகத்தில் ஆறவிடுகிறோம். ஸ்டீலில் இருக்கும் கார்பன் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டு, பொட்டு முழுக்க முழுக்க மார்ட்டென்ஸைட் ஆகிவிடுகிறது. சாதமே இல்லை, எல்லாம் முத்து. கடினம்தான். ஆனால் முறுக்கு மாதிரி, பட்டென்று உடையும்.

இதோடு இன்னொரு வினை. குழம்பு இறுகும்போது ஸ்டீலில் துளியூண்டு இருக்கும் பாஸ்பரஸ், கடைசியாக இறுகுகிற சந்துகளில் போய்க் கூடிக்கொள்ளும். அந்தச் சந்துகள் வலுவில்லாதவை. பொட்டின் ஓரத்தில், இரண்டு தகடும் பிரிகிற இடத்தில், பிறவியிலேயே ஒரு கூர்மையான பிளவு இருக்கிறது. மிருதுவான தகடாக இருந்தால் இழுக்கும்போது வளைந்து கொடுத்து அந்தப் பிளவின்மேல் விழும் பாரத்தைக் குறைக்கும். 980 வளைந்து கொடுக்காது. பாரமெல்லாம் அந்தக் கூர் முனையில். அங்கிருந்து வெடிப்பு பொட்டுக்குள்ளேயே நேராக ஓடிவிடுகிறது. டிக்.

மூன்று வாரம். பகலில் புரொடக்‌ஷன், ராத்திரியில் எங்கள் ஆராய்ச்சி.

முதல் வாரம் சில்லறை வைத்தியம். இந்த ஸ்டீலுக்கு இன்னொரு துர்க்குணம் உண்டு. பிரஸ்ஸில் அமுக்கி எடுத்ததும் சொன்ன வடிவத்தில் நிற்காமல் கொஞ்சம் விரைத்துக்கொள்ளும். ஸ்ப்ரிங் மாதிரி. அதனால் இரண்டு தகடும் ஒட்டி உட்காராமல் நடுவே இடைவெளி. குச்சிகளின் அழுத்தத்தில் பாதி அந்த இடைவெளியை மூடுவதிலேயே செலவாகிவிடுகிறது. ஃபிக்ஸ்சரில் க்ளாம்ப்பை மாற்றினோம், அழுத்தத்தை நானூற்றைம்பது கிலோவுக்கு ஏற்றினோம். மேல் குச்சியும் கீழ்க் குச்சியும் நேருக்கு நேர் பார்க்காமல் மாறுகண் மாதிரி இருந்தன. அதைச் சரி செய்தோம். டிப் மழுங்கும்வரை காத்திராமல் முன்னாலேயே சீவ ஆரம்பித்தோம்.

அப்புறம் பொட்டின் அளவு. தகட்டின் தடிமனுக்கு வர்க்கமூலம் எடுத்து நாலால் பெருக்கினால் வருவது, பொட்டின் விட்டம் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவு. ஊரெல்லாம் இதுதான் கணக்கு. எங்கள் தகடு 1.4 மில்லிமீட்டர், ஆகவே 4.7. நாங்கள் அதைத்தான் தொட்டுக்கொண்டிருந்தோம், பரீட்சையில் முப்பத்தைந்து மார்க் எடுக்கிற மாதிரி. நாலுக்குப் பதில் ஐந்தால் பெருக்கினால் 5.9. விட்டம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் கூடுகிறது, ஆனால் பரப்பளவு ஒன்றரை மடங்குக்கு மேல்! கரண்ட்டை ஏற்றிக்கொண்டே போனோம். ஓர் அளவுக்கு மேல் தீபாவளிதான். உருகிய ஸ்டீல் பூவாணம் போலத் தெறித்து வெளியே வந்துவிடும், பொட்டுக்குள் பொக்கை. அழுத்தம் கூட இருந்ததால் தெறிப்பதற்கு முன்னால் கொஞ்சம் அதிகம் ஏற்ற முடிந்தது. 5.9 கிடைத்தது.

குறுக்கே இழுத்தோம். லோடு நன்றாகவே ஏறியிருந்தது. ஆனாலும் பத்துப் பட்டையில் ஐந்தாறில் பட்டன் வந்தது, மீதியில் டிக். பாதிக் கிணறு.

இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி, டீ குடிக்கும்போது அண்ணன் யோசனையாகச் சொன்னார். "எங்கப்பா அரிவா அடிக்கறப்ப, பழுக்கக் காய்ச்சித் தண்ணியில சொருவுவாரு. சுர்ர்ருங்கும். நான் சின்னப் பய, எடுத்து வெளாடப் போனா கத்துவாரு. 'தொடாதடா, இப்ப கீழ போட்டாக்கூட ஒடஞ்சிரும்'பாரு. மறுபடி லேசா அனல்ல காட்டி, நிறம் மாறுறதப் பாத்து எடுப்பாரு. அதுக்கப்புறம்தான் அது அரிவா. பதம் வரணும்ல? நாம முதத் தண்ணியோட விட்டுர்றோம் தம்பி."

எனக்குக் கல்லூரியில் படித்தது மண்டைக்குள் எங்கேயோ மணி அடித்தது. டெம்பரிங்! அன்றைக்கே புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பொட்டு வைத்த பிறகு, குச்சியை எடுக்காமல், கொஞ்சம் ஆறவிட்டு, இரண்டாவது முறை சின்னதாக ஒரு கரண்ட். எங்களுக்கு முன்னாலேயே எத்தனையோ பேர் செய்து பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். பரீட்சைக்காக நான் அதை நெட்டுருவும் போட்டிருக்கிறேன். அரிவாளோடு சேர்த்து நினைக்கத்தான் தோன்றவில்லை.

மிஷினின் கன்ட்ரோலரில் இரண்டாவது பல்ஸுக்கு வசதி ஏற்கெனவே இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை.

முதல் ராத்திரி சொதப்பல். பொட்டு முடிந்த கையோடு, கால் செகண்ட் இடைவெளியில் இரண்டாவது கரண்ட்டைக் கொடுத்தோம். ஒரு மாற்றமும் இல்லை. டிக். காரணம், பொட்டு அப்போது இன்னும் சூடாகவே இருந்திருக்கிறது. மார்ட்டென்ஸைட் இன்னும் உண்டாகவே இல்லை. இல்லாததை எப்படிப் பதப்படுத்துவது? நாம் கொடுத்த சூடு ஆறினபிறகு அது தன்பாட்டுக்கு முறுக்காகிவிட்டது. "தண்ணியில சொருவி, சத்தம் அடங்குறதுக்குள்ள எடுத்தா எப்படி?" என்றார் அண்ணன்.

இடைவெளியை ஒரு செகண்டை ஒட்டி ஏற்றினோம். இப்போது இரண்டாவது கரண்ட் எவ்வளவு என்ற கேள்வி. முதல் கரண்ட்டில் பாதிக்கும் கீழே கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. எண்பது சதவீதத்தைத் தாண்டினால் சூடு மறுபடி எல்லை மீறி, திரும்பவும் ஆறும்போது பழையபடி முழு முறுக்கு. நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அதைக் கண்டுபிடிக்க நாலு ராத்திரி, முந்நூறு பட்டைகளுக்கு மேல். வீட்டில், "பொட்டு வைக்கிறதுக்கு ராத்திரி ரெண்டு மணி ஆகுமா?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

கடைசியில் அறுபத்தைந்து சதவீதத்தை ஒட்டி ஒரு பட்டையை மாட்டி இழுத்தபோது 'டிக்' வரவில்லை. தகடு மெல்ல மெல்லக் குடை மாதிரி வளைந்தது. மிஷினில் லோடு ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு 'டப்' என்று கனமாக ஒரு சத்தம். ஒரு தகட்டில் வட்ட ஓட்டை, இன்னொன்றில் முழுசாகப் பட்டன்! வரிசையாகப் பத்து இழுத்தோம். பத்திலும் பட்டன். அண்ணன் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாரத ரத்னா.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா. ஃபேக்டரியில் முடியாது. புரொடக்‌ஷன் மானேஜர் கால்குலேட்டரோடு வந்தார். "ஒரு பொட்டுக்கு ஒண்ணேகால் செகண்ட் அதிகம். பதினாலு பொட்டு. ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் குறையும் தெரியுமா?" தெரியும். நியாயமான கேள்விதான். இந்த ஒரு செகண்டுக்குப் பயந்துதான் பல இடங்களில் டெம்பரிங்கைத் தொடாமல், பொட்டைப் பெரிசாக்கியோ, கார்பன் குறைந்த ஸ்டீலைக் கேட்டு வாங்கியோ சமாளிக்கிறார்கள். தகடுகளுக்கு நடுவே எபாக்ஸிப் பசையைத் தடவி, அதன் மேலேயே பொட்டு வைக்கிறவர்களும் உண்டு. பெயின்ட் காய வைக்கிற அடுப்பிலேயே பசையும் இறுகிவிடும். பாரம் பொட்டுமேல் மட்டும் விழாமல் நீளத்துக்கும் பரவும். நல்ல வழிதான், பசையின் விலையைக் கேட்காதவரை.

நாங்கள் பஞ்சாயத்து பேசி முடிவு செய்தோம். பதினாலில், சீட் பெல்ட் மாட்டுகிற இடத்தைச் சுற்றியும் தூணின் நடுவிலும் பிரிந்து இழுபடக்கூடிய பொட்டுகள் ஆறு. அவற்றுக்கு மட்டும் இரண்டாவது கரண்ட். மீதி எட்டு நீளவாக்கில் இழுபடுகிறவை, அவற்றுக்கு 5.9 போதும். முறையை மாற்றியதால் வாடிக்கையாளரிடம் திரும்பவும் சாம்பிள், ரிப்போர்ட், ஒப்புதல். இந்த முறை ரிப்போர்ட்டில் குறுக்குச் சோதனையையும் நானே சேர்த்து அனுப்பினேன். அவர்கள் டிராயிங்கிலும் அது ஏறிவிட்டது.

பின்னால் துத்தநாகம் பூசிய தகடுகள் வந்தபோது வேறு தலைவலி ஆரம்பித்தது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். ஸ்டீல் சூட்டிலும் இழுவிசையிலும் தவிக்கும்போது, இந்தத் திரவம் அதன் நுண்ணிய சந்துகளுக்குள் புகுந்து மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். குச்சி சாய்ந்திருந்தாலோ, துத்தநாகம் இறுகுமுன் அவசரப்பட்டுக் குச்சியை எடுத்தாலோ அதிகமாகும். அந்தக் கூத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு மாமா" என்று ஒப்புக்கொண்டேன். அவர் உடனே எழுந்து போய்த் தன் காரின் நடுத்தூணைத் தட்டிப் பார்த்தார்.

"இது உங்க கம்பெனி பொட்டா மாப்ளே?"

"இல்லை மாமா. வேற யாரோ."

"அந்த யாரோகிட்ட ஒரு திருப்பாச்சேத்திக்காரர் இருப்பாரா?"

அண்ணன் போன வருஷம் ரிடையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த ட்ரெயினி இன்ஜினீயர், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் வெர்னியர், கன்ட்ரோலர் திரையைக் காட்டிக் கேட்டான்: "சார், இந்த ஆறு ஸ்பாட்டுக்கு மட்டும் ஒரு செகண்ட் வேஸ்ட்டா நிக்குதே. எடுத்துட்டா ஷிஃப்டுக்கு நிறைய பீஸ் கூட வரும் சார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பட்டைகளைக் கொடுத்து, "அந்த ஒரு செகண்டை எடுத்துட்டு ஒரு பொட்டு அடி. குறுக்கே மாட்டி இழு. சத்தத்தைக் கேட்டுட்டு வந்து சொல்லு" என்றேன்.